மருத்துவர் பதில்கள்: படுக்கையில் கழியும் ஒன்பதரை மணி நேரம்

தூக்கமின்மை பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் ஆறினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு கடிதங்களுக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. மற்றவற்றுக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. எழுதியவர்களின் பெயர்களை வழக்கம்போல் தவிர்த்திருக்கிறோம்.

எனக்கு வயது 54. வங்கியில் பணிபுரிகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது பல இரவுகள் மருத்துவமனை வராந்தாவில் கண்விழித்துக் கிடந்தேன். அவர் நன்றாகத் தேறிவிட்டார். என் தூக்கம்தான் திரும்பவில்லை. இரவு 9 மணிக்கே படுத்துவிடுகிறேன். கண்ணயர 11.30 ஆகிறது. 3 மணிக்கு விழிப்பு வந்து, அவர் மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே கிடப்பேன். 4.30 மணிக்கு மேல் மறுபடி அசந்து 6.30 மணிக்கு எழுகிறேன். மஞ்சள் தூள் போட்ட பால், உள்ளங்காலில் எண்ணெய், அமெரிக்காவிலிருந்து தங்கை மகள் அனுப்பிய மெலடோனின் எல்லாம் பார்த்தாயிற்று. எது நல்ல மருந்து என்று ஒரே வரியில் சொல்லுங்கள். – வாசகி, தஞ்சாவூர்

ஒரே வரியில்தான் வேண்டுமென்றால், படுக்கையில் நீங்கள் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் மருந்து, அம்மா. இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரக்கூடும் என்பதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அந்த நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, பகல் பொழுதையும் பாதித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். உங்களுக்கு இருப்பது அதுதான். இதில் தொடங்கி வைத்த காரணம் ஒன்று, தொடர வைக்கும் காரணம் வேறொன்று என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது மருத்துவமனை வராந்தா. ஆனால் அந்த வராந்தாவை விட்டு நீங்கள் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்றைக்கும் அதைக் கெடுத்துக்கொண்டிருப்பது, இழந்த தூக்கத்தை மீட்க வேண்டுமென்று நீங்கள் செய்துவரும் ஏற்பாடுகள். அவற்றில் தலையாயது இரவு 9 மணிக்கே படுப்பது.

உங்கள் கணக்கையே கூட்டிப் பாருங்கள். 9 மணி முதல் 6.30 மணி வரை படுக்கையில் இருப்பது ஒன்பதரை மணி நேரம். தூங்குவது, 11.30 முதல் 3 வரை மூன்றரை மணி நேரமும் 4.30 முதல் 6.30 வரை இரண்டு மணி நேரமுமாக, ஐந்தரை மணி நேரம். அதாவது படுக்கையில் இருக்கும் நேரத்தில் நூற்றுக்கு 58 பங்குதான் தூக்கம். மீதி நான்கு மணி நேரம் இருட்டில் விழித்துக்கொண்டு கவலைப்படுவதில் கழிகிறது. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் நான்கு மணி நேரம் இந்தப் பயிற்சி நடந்தால், தலையணையில் தலை வைத்ததும் மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. ஹாலில் தொலைக்காட்சி முன் கண் சொருகியவர், அறைக்குள் போய்ப் படுத்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான். உங்களுக்கும் அப்படி நடக்கிறது என்றே நினைக்கிறேன்.

தூக்கம் ஒரு விதத்தில் பசியைப் போன்றது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்துக்கான அழுத்தத்தை ஏற்றுகிறது. சாயங்காலம் முழுக்க முறுக்கும் சீடையுமாகக் கொறித்தவருக்கு இரவுச் சாப்பாட்டில் ருசி இருக்காது அல்லவா? மாலையில் நாற்காலியில் அரைமணி நேரம் அசருவதும், ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு மணி நேரம் படுப்பதும் அந்தக் கொறிப்புதான். காபி செய்வது வேறு வேலை. அது அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. குடித்த காபியின் வீரியம் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 4 மணி ஃபில்டர் காபியின் பாதி இரவு 9 மணிக்கும் உங்கள் இரத்தத்தில் இருக்கிறது. காபியைப் பகல் 12 மணியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தோராயமாக எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று காலையில் மட்டும் எழுதுங்கள். இரவில் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டாம். கணக்கு நீங்கள் கடிதத்தில் எழுதியது போலவே இருந்தால், மூன்றாவது வாரத்திலிருந்து உங்கள் படுக்கை நேரம் இரவு 12 மணி முதல் காலை 5.30 வரை மட்டுமே. நடுவில் எப்படித் தூங்கினாலும் 5.30 மணிக்கு எழுந்துவிட வேண்டும். ஞாயிறு, தீபாவளி என்று விதிவிலக்கு கிடையாது. அந்த ஐந்தரை மணி நேரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல், அதாவது 4 மணி 40 நிமிடங்களுக்குக் குறையாமல், ஒரு வாரம் முழுக்கத் தூங்கிவிட்டால், அடுத்த வாரம் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். இப்படிக் கால் மணி கால் மணியாகக் கூட்டிக்கொண்டே போய், பகலில் தெம்பாக இருக்கும் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். எந்தக் கட்டத்திலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

1987ஆம் ஆண்டு ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முறை இது. இதற்குத் துணையாக இன்னொரு முறையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அதை 1972இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தார். படுக்கை தூங்குவதற்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டுமே; அங்கே கைபேசி, கணக்குப் பார்ப்பது, குடும்ப விவகாரம் பேசுவது எதுவும் கூடாது. விழித்து இருபது நிமிடம் ஆகிவிட்டதாகத் தோன்றினால் எழுந்து ஹாலுக்குப் போய், மங்கலான விளக்கில் அலுப்புத் தட்டும் ஏதாவது ஒரு வேலையைச் செய்யுங்கள். துணி மடிக்கலாம், பூண்டு உரிக்கலாம். கண் சொருகினால் மட்டுமே திரும்பி வர வேண்டும். என்னிடம் வந்த ஓர் அம்மையார் இதைக் கேட்டுவிட்டு, விழித்ததுதான் விழித்தோம் என்று இரவு 2 மணிக்கு இட்லிக்கு மாவு ஆட்டத் தொடங்கி, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைத்து, அடுப்பையும் துடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். மூன்றாவது நாளிலிருந்து அந்த வேலைகளுக்காகவே அவருக்கு விழிப்பு வரத் தொடங்கியது. உங்களுக்குப் பூண்டு போதும்.

முதல் பத்து நாட்கள் இப்போதைவிட மோசமாகத்தான் இருக்கும். மாலையில் தலை கனக்கும், எரிச்சல் வரும், இரவு 10 மணிக்கே கண் இழுக்கும். பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கண் இழுப்பைத்தான் நாம் வரவழைக்கப் பார்க்கிறோம். அந்த நாட்களில் இருசக்கர வாகனத்தைத் தவிர்த்துவிடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும், மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவ நோய் உள்ளவர்களும், கனரக வாகனம் ஓட்டுபவர்களும் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும்.

இவற்றோடு எண்ணங்களைச் சீர்செய்யும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சைதான், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் தரப்பட வேண்டியது என்று 2016இல் அமெரிக்க உள்நோயியல் மருத்துவர்கள் கல்லூரியும், அடுத்த ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதலும் அறிவித்தன. நம் ஊரில் இதில் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

கணவரின் மூச்சைக் கவனிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாசம் மட்டுமல்ல, காவலும்கூட. காவல் காக்கிறவருக்கு எப்படித் தூக்கம் வரும்? இருவருமாக இதய மருத்துவரிடம் போய், இரவில் அவரைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். தேவையில்லை என்ற சொல்லை அவர் வாயால் கேட்பது உங்களுக்கு நான் எழுதித் தரும் எதையும்விட அதிகம் பயன்படும். உங்கள் வயதில், இரவில் உடம்பு திடீரென்று காந்தி வியர்க்கிறதா என்பதையும் மகளிர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கக்கேட்டுக்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. தைராய்டு பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் முயன்ற மூன்றையும் பற்றி ஒரு வார்த்தை. பாலில் தூக்கம் தரும் டிரிப்டோபேன் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு டம்ளரில் இருப்பது சுமார் 100 மில்லிகிராம். ஆய்வுகளில் பயன் தந்ததாகச் சொல்லப்படும் அளவு அதைப்போல் பத்து மடங்கு. பிடித்திருந்தால் குடியுங்கள், மருந்தென்று எண்ணிக் குடிக்காதீர்கள். உள்ளங்கால் எண்ணெயும் அப்படியே. இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. மெலடோனின் மூளையின் கூம்புச் சுரப்பி இருட்டியதும் சுரப்பது. அது இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மணியோசை, தூங்கவைக்கும் மருந்து அன்று. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அது தூக்கத்தைச் சராசரியாக ஏழு நிமிடங்கள்தான் முன்னுக்கு இழுத்தது. மேலும் வட அமெரிக்காவில் அது உணவுச் சேர்க்கையாகவே விற்கப்படுகிறது. 2017இல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, ஒன்றில் லேபிளில் போட்டிருந்த அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொன்றில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு இருந்தது. தங்கை மகளின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், புட்டியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன், வயது 67. ஒன்பது ஆண்டுகளாக இரவில் அல்பிரசோலம் 0.5 மாத்திரை ஒன்று எடுத்துக்கொள்கிறேன். மனைவி இறந்தபோது ஒரு மருத்துவர் பத்து நாட்களுக்கு எழுதிக் கொடுத்தது. அந்தச் சீட்டைக் காட்டியே மருந்துக் கடையில் இன்று வரை வாங்குகிறேன். பேரன் இணையத்தில் படித்துவிட்டுத் திட்டியதால் சென்ற மாதம் ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்று இரவுகள் ஒரு பொட்டுத் தூக்கமில்லை, கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. மறுபடி தொடங்கிவிட்டேன். இந்த மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே கிடையாது என்பது இதிலிருந்து உறுதியாகிவிட்டது அல்லவா? – வாசகர், மதுரை

உறுதியாகவில்லை, ஐயா. அந்த மூன்று இரவுகளில் நீங்கள் கண்டது உங்கள் பழைய தூக்கமின்மையை அல்ல, மாத்திரை விலகும்போது வரும் எதிர்வினையை. ஒன்பது ஆண்டுகளாக ஒருவர் தோளில் கைபோட்டு நடந்தவர், அவர் சட்டென்று நகர்ந்துவிட்டால் தடுமாறத்தான் செய்வார். அதை வைத்து அவருக்குக் கால் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நடுக்கமும் படபடப்பும் தூக்கமின்மையின் அறிகுறிகளே அல்ல என்பதைக் கவனியுங்கள். நீண்ட நாள் எடுத்த இவ்வகை மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பேரன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, வழிதான் தவறு. மறுபடி தொடங்கிவிட்டதற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் விட வேண்டிய மாத்திரைதான் இது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களிடம் இது இரவில் தடுமாறி விழுவதையும் இடுப்பெலும்பு முறிவையும் அதிகப்படுத்துகிறது, நினைவையும் மழுங்கடிக்கிறது. இரவு 2 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, ஈரமான குளியலறைத் தரையில் அரைமயக்கத்தில் கால் வைக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதோடு, சில வாரங்களிலேயே உடல் இதற்குப் பழகிவிடுவதால், இன்று இது உங்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் தூக்கத்தை அல்ல, நிறுத்தினால் வரும் அவதியிலிருந்து விடுதலையை மட்டுமே.

மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால், கால் மில்லிகிராம் மாத்திரைக்கு மாறி, முதலில் ஒன்றரை, பிறகு ஒன்று, பிறகு அரை என்று இறங்கலாம். ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரங்களாவது நிற்க வேண்டும். ஒன்பது ஆண்டுப் பழக்கம் என்பதால் கடைசிப் படிகளில் ஒரு மாதம் நின்றாலும் தவறில்லை. சிலருக்கு உடலில் நீண்ட நேரம் தங்கும் டயஸிபாமுக்கு மாற்றிக் குறைப்பது எளிதாக இருக்கும். முந்தைய பதிலில் சொன்ன படுக்கை நேர ஒழுங்கையும் கூடவே மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்கினால் குறைப்பது சுலபமாகும். கனடாவின் கியூபெக்கில் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய, நெடுநாளாக இவ்வகை மாத்திரை எடுத்துவந்த 303 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2014இல் வெளியானது. மாத்திரையின் தீமைகளையும் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் விளக்கிய சிறு கையேடு ஒன்றை ஒரு பிரிவினருக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆறு மாதங்களில் அவர்களில் நூற்றுக்கு 27 பேர் மாத்திரையை அறவே விட்டிருந்தார்கள். கையேடு கிடைக்காத பிரிவில் நூற்றுக்கு 5 பேர். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்ற உங்களுக்கு அந்த 27 பேரில் ஒருவராக ஆவது கடினமாக இருக்காது.

மருந்துக் கடை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம், சோல்பிடெம் எல்லாம் 2014 மார்ச் முதல் எச்-1 என்ற தனி அட்டவணைக்குள் வருகின்றன. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். பத்து நாட்களுக்கு எழுதிய சீட்டு ஒன்பது ஆண்டுகள் செல்லுபடியாகியிருப்பது கடைக்காரர் உங்களுக்குச் செய்த உதவி அன்று.

மனைவியின் மறைவைக் கடிதத்தில் ஒரு வரியோடு கடந்துவிட்டீர்கள். அதிகாலையில் விழிப்பு வந்து, விடியும்வரை மனம் கனத்துக் கிடக்குமானால், அல்லது முன்பு பிடித்தவை எதிலும் நாட்டமில்லை என்றால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

ஆங்கில மருந்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அமுக்கரா சூரணம், சாதிக்காய்த் தூள், கசகசாப் பால் இவற்றில் எது தூக்கத்துக்கு நல்லது? சளி மாத்திரை போட்டாலும் நன்றாகத் தூக்கம் வருகிறதே, அதையே தொடரலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

மூலிகை என்றால் தீங்கில்லாதது என்பதும், மூலிகை என்றாலே வெறும் நம்பிக்கை என்பதும் ஒரே மாதிரியான பிழைகள். அமுக்கராவைப் பற்றி இந்தியாவில் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தூக்கத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது; பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் பதிவுகள் உண்டு. டென்மார்க் 2023இல் அமுக்கராவுக்கே தடை விதித்தது. கர்ப்பிணிகளும், தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் அமுக்கரா சூரணம் வெறும் கிழங்குப் பொடி அல்ல. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு முதலியவற்றோடு சர்க்கரையும் சேர்ந்த கூட்டு மருந்து. நீரிழிவு உள்ளவர்கள் கரண்டி கரண்டியாகப் பாலில் கலக்கும் முன் அந்தச் சர்க்கரையை நினைக்க வேண்டும். அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் காட்டி, அளவையும் காலத்தையும் கேட்டு எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எடுப்பதை என் போன்றவர்களிடம் மறைப்பதில்தான் எனக்கு ஆட்சேபணை.

சாதிக்காய் சமையலில் சேரும் சிட்டிகை அளவில் ஒன்றும் செய்யாது, நல்லதும் கெட்டதும். சிட்டிகையில் பலனில்லை என்று ஒன்றிரண்டு காய்களை முழுதாக அரைத்துக் குடித்தால் அது நஞ்சு. குமட்டல், வாய் வறட்சி, கடும் படபடப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரும். கசகசா அபினிச் செடியின் விதை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குருமாவில் அரைக்கும் அளவுக்கு மயக்கம் எதுவும் வராது. தூக்கத்துக்காக அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளையின் பெட்டியிலும் போட்டு அனுப்பிவிடாதீர்கள், அங்கே அதற்குத் தடை இருக்கிறது.

சளி மாத்திரையைக் கட்டாயம் விடுங்கள். அதிலுள்ள ஒவ்வாமைத் தடுப்பு மருந்தின் பக்கவிளைவைத்தான் நீங்கள் தூக்கம் என்கிறீர்கள். சில நாட்களிலேயே அந்த மந்தம் பழகிப்போகும், வாய் வறட்சியும் மலச்சிக்கலும் மட்டும் நிலைக்கும். முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பும் குழப்பமும் வரலாம்.

என்னைக் கேட்டால், நம் பழைய வழக்கங்களில் ஆய்வும் ஒத்துக்கொள்ளும் ஒன்று வெந்நீர்க் குளியல். படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாகப் பத்து நிமிடம் இதமான சூட்டில் குளித்தால், தோலுக்கு இரத்தம் பாய்ந்து உடலின் உள்சூடு வெளியேறுகிறது. அப்படி உள்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் கூடிவரும். படுக்கும் நேரத்தில் குளிப்பதில் அந்தப் பலன் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் தூங்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்லிவைத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் வேறு. ஆனால் அதைக் கடைப்பிடித்தவர்களின் பசி போன்ற அந்தத் தூக்க அழுத்தம் இரவுக்குப் பத்திரமாக இருந்தது.

வயது 29. சென்னையில் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறேன். மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை பணி. வீடு வந்து படுத்தால் 7 மணிக்குத்தான் தூக்கம் வருகிறது. 11 மணிக்கு எழுந்துவிடுகிறேன். தூக்க மாத்திரை எழுதித் தர முடியுமா? – வாசகர், சென்னை

பத்திரிகை வழியாக மாத்திரை எழுதித் தர முடியாது, தம்பி, முடிந்தாலும் தரமாட்டேன். உங்கள் தூக்க இயந்திரம் பழுதாகவில்லை. பகலென்று உடல் நம்பும் நேரத்தில் அதைத் தூங்கச் சொல்கிறீர்கள். வேலை முடிந்து வந்ததும் கைபேசியோடு உட்காராமல், சூரியன் எழும் முன்பே, அதாவது 4.30 மணிக்குள், படுத்துவிடப் பாருங்கள். ஒருமுறை காலை வெயில் கண்ணில் பட்டுவிட்டால் உடல் விழிப்புக்குத் திரும்பிவிடும். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை, இல்லையென்றால் கண்பட்டை போதும். காபி, டீ எல்லாம் இரவு 10 மணியோடு நிற்கட்டும். அழைப்பு மணியை அணைத்துவிட்டு, கூரியர்காரருக்கு ஒரு குறிப்பு ஒட்டிவையுங்கள். பலர் கோட்டைவிடுவது சனி ஞாயிறுகளில்தான்: வாரம் முழுக்க ஒரு நேரம், விடுமுறையில் குடும்பத்துக்காக இரவு 10 மணிக்குப் படுக்கை. நடுவழியாக, விடுமுறை நாளிலும் 2 மணிக்குப் படுத்துப் பத்து மணிக்கு எழுந்தால் உடலுக்கு இரண்டு ஊர்களுக்கிடையே அலைய வேண்டியிருக்காது. மெலடோனினுக்கு உண்மையான இடம் இருப்பதும் இப்படி நேரம் புரண்ட தூக்கத்தில்தான். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு எடுங்கள்.

கைக்கடிகாரம் எனக்கு ஆழ்ந்த தூக்கம் 41 நிமிடம்தான் என்று காட்டுகிறது. காலையில் தெம்பாகத்தான் எழுகிறேன், அதைப் பார்த்ததும் சோர்வாகிவிடுகிறது. – வாசகி, சேலம்

தெம்பாக எழுந்தீர்கள் என்பதுதான் பரிசோதனை முடிவு. தூக்கத்தின் நிலைகளை முறையாக அளப்பதற்குத் தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். மணிக்கட்டில் இருப்பது உங்கள் அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. கடிகாரத்தில் நல்ல எண் வாங்க வேண்டும் என்ற கவலையாலேயே தூக்கம் கெடுபவர்களுக்காக 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெயரையே உண்டாக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதம் அதை இரவில் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

என் கணவர் லாரி ஓட்டுநர், வயது 46, கனத்த உடம்பு. படுத்ததும் குறட்டை, நடுவில் மூச்சே நின்றாற்போல் ஆகி, திணறிக்கொண்டு மறுபடி தொடங்கும். இரவில் பலமுறை எழுகிறார், பகலில் சாப்பிட உட்கார்ந்தாலே கண் மூடுகிறார். தூக்கம் சரியில்லை என்று நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். சில நாள் அதோடு மதுவும். – வாசகி, நாமக்கல்

அம்மா, இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த அன்றே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகிறது என்றால் நிறுத்துவதில் ஆபத்தில்லை, சில வாரங்களைத் தாண்டிவிட்டது என்றால் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். மதுவை உடனே விட வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி விடட்டும். நீங்கள் வருணித்திருப்பது தூக்கமின்மை அல்ல, தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாகத்தான் தெரிகிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று வழி மூடிக்கொள்ளும்போது மூச்சு பத்து நொடிக்கும் மேலாக நின்றுவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை அவரை உலுக்கி எழுப்பித் திணறவைக்கும். கடுமையான நிலையில் இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கும். தூக்க மாத்திரையும் மதுவும் அந்தத் தசைகளை மேலும் தளர்த்துவதோடு, உலுக்கி எழுப்பும் மூளையையும் மந்தமாக்குகின்றன. இரண்டும் சேரும்போது ஆபத்து பன்மடங்காகும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ அழைத்துப் போய், இரவு முழுக்கப் பதிவு செய்யும் தூக்கப் பரிசோதனையைக் கேளுங்கள். போவதற்கு முன் அவர் தூங்கும்போது மூச்சு நின்று திணறுவதை உங்கள் கைபேசியில் இரண்டு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். குறட்டைதானே என்று அவர் மருத்துவர் எதிரிலேயே சிரித்து மழுப்பும்போது அது உதவும். நோய் உறுதியானால், முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தும் சீபாப் கருவி பெரும்பாலோருக்கு முதல் சில இரவுகளிலேயே வித்தியாசம் காட்டும். எடை குறைந்தால் நோயும் குறையும், அதற்கு மாதங்கள் ஆகும். பரிசோதனை முடிவு வரும்வரை அவர் வண்டி எடுக்க வேண்டாம். முதலாளியிடம் சொல்லத் தயங்கினால், நெஞ்சுப் பரிசோதனைக்காக மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னதாகவாவது சொல்லட்டும். சாப்பாட்டுத் தட்டின் முன் கண் மூடுகிறவர் ஸ்டியரிங்கின் பின்னாலும் மூடுவார்.